கணக்கின் இரண்டாம் பிரதி

செட்டிநாட்டைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள் பெரும்பாலும் பர்மாத் தேக்கில் கடைந்த தூண்களையும், இத்தாலியச் சலவைக்கற்களையும், முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் கூட்டி மெருகேற்றிய சுவர்களையும் வர்ணிப்பதிலேயே தங்கள் சக்தியைச் செலவிட்டுவிடுகிறார்கள். அம்மாளிகைகளை எழுப்புவதற்கு வேண்டிய பொருளை ஈட்டித் தந்த ஒரு சம்பிரதாயமோ, தூண்களைக் காட்டிலும் உறுதியானதாயினும் கண்ணுக்குப் புலப்படாதது என்ற காரணத்தால், அதிகமாகப் பேசப்படுவதில்லை. எழுதியதை மறுபடியும் எழுதுவது, எழுதிய இரண்டையும் கடலுக்கு இக்கரையில் ஒன்றும் அக்கரையில் ஒன்றுமாக வைப்பது, குறித்த தவணையில் இரண்டையும் எதிரெதிரே விரித்து ஒப்பிடுவது என்பதே அச்சம்பிரதாயம். நம் வீட்டுப் படங்களும் பத்திரங்களும் கடிதங்களும் கோப்புகளாக மாறிக் கைப்பேசியிலும் கணினியிலும் குடியேறிவிட, அவற்றின் ஒரு பிரதி கிளவுட் என்று வழங்கும் தொலைதூரச் சேமிப்பு நிலையத்துக்கும், மற்றொரு பிரதி உள்ளங்கை அகலமுள்ள ஹார்டு டிஸ்க்குக்கும் போய்ச் சேரும் இந்நாளில், இவ்வழக்கம் முற்றிலும் புதிதாக வந்தது என்று எண்ணுவது இயல்பே. கருவி புதிது; காரியம் பழையது. அக்காரியத்தை நூறாண்டுகளுக்கு மேலாகச் சிரத்தையுடன் நடத்திய ஊர்கள் காரைக்குடியும் அதைச் சூழ்ந்த கோட்டையூர், தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் முதலியவையும் ஆகும். இவற்றின் கணக்கு வரலாற்றை அறிவது, இன்று நாம் எதைச் சரியாகச் செய்கிறோம், எதைச் செய்யாமல் விடுகிறோம் என்று தெளிவதற்குப் பெரிதும் உதவும்.

இளையாற்றங்குடி முதலிய ஒன்பது நகரக் கோயில்களைச் சார்ந்து வாழும் செட்டியார்களான நகரத்தார், உப்பு வாணிகம் செய்தவர்களாகப் பழைய ஆவணங்களில் காட்சி தருகின்றனர். பழநித் திருக்கோயிலைச் சார்ந்த அறப்பட்டயங்களில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உப்புப் பொதியுடன் அவ்வூர் சேர்ந்த வணிகர், தம் வியாபாரத்தில் ஒரு பங்கை முருகப்பெருமானுக்கென்று ஒதுக்கிய செய்தி கூறப்படுகிறது; தெய்வத்தையும் கணக்கில் ஒரு பெயராக எழுதி, அப்பெயரில் மகமை வரவு வைக்கும் மனப்பான்மை அவ்வளவு தொன்மையானது. பிரிட்டிஷார் 1826இல் பர்மாவின் தெனாசரிம் பகுதியைக் கைப்பற்றியதும், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததனால் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏற்பட்டதும், உள்நாட்டு வணிகராய் இருந்த இச்சமூகத்தாரை வங்கக் கடலுக்கு அப்பால் இழுத்துச் சென்றன. இலங்கை, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன், மேடான் ஆகிய இடங்களிலெல்லாம் அவர்கள் கடை வைத்தார்களாயினும், பர்மாவே அவர்களுடைய பெருநிலம். 1930ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகளும், அவற்றில் சுமார் 75 கோடி ரூபாய் மூலதனமும் இருந்தனவென்று பர்மா மாகாண பாங்கிங் விசாரணைக் குழு கணித்தது. இவ்வளவு பெரிய லேவாதேவியின் சொந்தக்காரர்களோ, மழை குறைந்த, வற்றாத ஆறில்லாத ஒரு செம்மண் பிரதேசத்துக் கிராமங்களில் குடும்பத்தோடு இருந்தார்கள். பணம் அங்கே, முதலாளி இங்கே என்ற நிலையில், இரண்டுக்கும் நடுவே நின்றது கணக்கு ஒன்றுதான்.

இரங்கூனில் முகல் தெருவிலும் சிங்கப்பூரில் மார்க்கெட் தெருவிலும் இருந்த கிட்டங்கிகளில், ஒரே நீண்ட கூடத்தில் பல கடைகள் அருகருகே நடைபெறும்; ஒவ்வொரு கடைக்கும் தரையில் ஒரு பாய், ஒரு கணக்குப் பெட்டி, சுவரோரம் ஓர் இரும்புப் பெட்டி என்பவற்றுக்கு மேல் ஆடம்பரம் எதுவும் இராது. ஊரிலிருந்து சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு மூன்று ஆண்டுத் தவணைக்குக் கப்பலேறிய மேலாள் கடையின் சகல பொறுப்பையும் ஏற்பார். அவருக்கு உதவியாக அடுத்தாள் இருப்பார். பெட்டியடிப் பையன், மசிக்கூட்டை நிரப்புவதில் தொடங்கிப் பேரேடு எழுதும் வரையில் தொழிலை அங்கேயே கற்றுக்கொள்வான். இப்பெட்டியடி வாழ்க்கையின் உள்ளும் புறமும் அறிய விரும்புவோர், சிங்கம்புணரியில் பிறந்து மேடானில் செட்டியார் கடையில் வேலை பார்த்த ப. சிங்காரத்தின் நாவல்களைப் படிப்பது போதும். கடையின் பெயர் ஆளின் பெயராக வழங்குவதில்லை. தந்தை, பாட்டன் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கோத்து ‘ஆனா ரூனா’, ‘மூனா ஆனா’ என்று அழைக்கும் விலாசமே கடைக்குரிய அடையாளம். மேலாள் மாறுவார், அடுத்தாள் மாறுவார், முதலாளியும் காலமாவார். விலாசமும் அதன் கணக்கும் தொடர்ந்து நடக்கும்.

அக்கணக்கின் அமைப்பு எளிமையும் நுட்பமும் சேர்ந்தது. பிள்ளையார் சுழியிட்டுத் தொடங்கும் குறிப்பில் அன்றன்றைய கொடுக்கல் வாங்கல் யாவும் நடந்த வரிசையிலேயே பதியப்படும். பின்னர் அவை ஒவ்வொன்றும் உரியவர் பெயரின் கீழ்ப் பேரேட்டில் வரவென்றும் பற்றென்றும் பெயர்த்து எழுதப்படும். பேரேட்டின் பெயர்களையெல்லாம் திரட்டிக் கூட்டியது ஐந்தொகை. எந்த ஒரு தொகையும் இங்ஙனம் குறைந்தது இரண்டு இடங்களில் இருந்தமையால், ஓரிடத்தில் கை பிசகினாலும் மற்றோரிடம் காட்டிக் கொடுத்துவிடும். கடைக்குள்ளேயே நிகழ்ந்த இந்த இரட்டிப்போடு காரியம் முடிந்துவிடவில்லை. கணக்கின் நகலும் விவரக் கடிதமும் தபால் கப்பல் தவறாமல் ஊருக்கு வந்துகொண்டிருக்க வேண்டும் என்பது தொழிலின் அடிப்படை விதி. காரைக்குடியிலோ கோட்டையூரிலோ, வீட்டு முகப்பை ஒட்டிய கணக்கறையில், கணக்கப்பிள்ளை அந்நகலைப் பார்த்து இங்குள்ள ஏட்டில் பதிவார். ஐந்தொகை இரண்டு கரையிலும் ஒரே தொகையாக நிற்கிறதா என்று பார்ப்பார். நில்லாவிட்டால் அடுத்த கப்பலில் கேள்வி போகும்.

இம்முறையின் நுட்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பேரேடு முழுவதையும் நகலெடுத்து அனுப்புவது எவராலும் இயலாத செயல். ஆதலால் சென்ற கடிதத்துக்குப் பின் நடந்தவை மட்டும் விரிவாக வந்தன, பழையவை அனைத்தும் ஒரே ஒரு கூட்டுத் தொகையாகச் சுருங்கி வந்தன. அக்கூட்டுத் தொகை பொருந்தினால், அதற்குப் பின்னால் உள்ள ஆயிரம் பதிவுகளும் பொருந்தின என்று கொள்ளலாம். கணினித் துறையிலும் இதையொத்த வழி உண்டு: கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மாக்கெராஸ் என்ற இருவர், தொலைவிலுள்ள இரண்டு கணினிகளின் கோப்புகளை ஒத்திசைப்பதற்கு 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் என்ற முறை, கோப்பைத் துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, எண்கள் ஒத்த துண்டுகளை விட்டுவிட்டு மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. கோப்புகளைப் பல கருவிகளில் ஒத்திசைத்துத் தரும் பிற்காலச் சேவைகள் பலவும் இக்கருத்தைத் தழுவியவையே. முழுவதையும் சுமந்து செல்லாமல் முழுமையைச் சோதிப்பது எப்படி என்ற வினாவுக்கு, முகல் தெருவும் கான்பெரா நகரமும், ஒன்றையொன்று அறியாமலே, ஒரே விதமான விடையைக் கண்டிருக்கின்றன.

ஆயினும், நகல் அனுப்புவதைக் காட்டிலும் முக்கியமான ஓர் அங்கம் இம்முறையில் இருந்தது. மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் மேலாள் ஊர் திரும்புவார்; அக்கரைக் கணக்கும் இக்கரைக் கணக்கும் ஒருங்கே திறக்கப்படும்; ஒவ்வொரு பெயருக்கும் நேரில் விளக்கம் கேட்கப்படும். அதன் பிறகே அவருக்கு மறு சம்பளச் சீட்டும், தொழிலில் மதிப்பும் உண்டு. நகல் இருக்கிறது என்ற நம்பிக்கையோடு நின்றுவிடாமல், அதைத் திறந்து படித்து ‘சரி’ என்று சொல்வதற்குப் பெயர் குறித்த ஒரு மனிதர் இருந்தார் என்பதை நான் இவ்வரலாற்றின் சாரமாகவே கருதுகிறேன். இவ்வழக்கம் கடையோடு நிற்காமல் வீட்டுச் சடங்கிலும் புகுந்தது. நகரத்தார் திருமணத்தில் எழுதப்படும் இசைகுடிமானம், இரு வீட்டாரின் ஊரும் கோயிலும் பெயரும் கண்டு, இரண்டு பிரதிகளாக எழுதப்பெற்று இரு தரப்பிலும் ஒவ்வொன்றாக வைக்கப்படுகிறது. ஒரு பத்திரம் ஒருவர் கையில் மட்டும் இருப்பது போதாது என்ற எண்ணம் மணமேடை வரையில் சென்றிருக்கிறது.

இரு கரைகளுக்கும் இடையே செய்தி செல்லும் வழியும் மாறிற்று. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1870-71இல் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. அவசரச் செய்தி தந்தியில் போயிற்று, கணக்கு கப்பலிலேயே போயிற்று. அதே சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 2002இல் இடப்பட்ட ஐ2ஐ என்ற கண்ணாடியிழைக் கம்பி வழியாக, கடிதமும் கணக்கும் படமும் இன்று ஒரு விநாடிக்குள் கடக்கின்றன. காரைக்குடியில் பிறந்த வங்கி ஒன்றையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும்: மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளைகளைத் திறந்தார். ஒரே ஸ்தாபனம் கடலின் இரு கரைகளிலும் ஒருசேர இருத்தல் வேண்டும் என்ற செட்டிநாட்டுக் கொள்கை, அதில் நவீன வங்கியின் உருவத்தைப் பெற்றது.

பின்னர் வந்தது சோதனைக் காலம். உலகப் பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்ப இயலாத பர்மியக் குடியானவர்களின் நிலங்கள் கடைகளின் கைக்கு வந்து சேர்ந்ததனால், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், 1938 வாக்கில் நூற்றுக்கு இருபத்தைந்து பங்காயிற்று. அந்நாட்டாரின் நியாயமான மனக்கசப்பும் அவ்வளவுக்கவ்வளவு வளர்ந்தது. 1941 டிசம்பர் 23ஆம் தேதி இரங்கூனின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின; 1942 மார்ச் 8ஆம் தேதி அந்நகரம் வீழ்ந்தது. இந்தியர்கள் லட்சக்கணக்கில், கப்பல் கிடைத்தவர்கள் கப்பலிலும், கிடையாதவர்கள் அரக்கான், மணிப்பூர்க் காடுகளின் வழியே கால்நடையாகவும் ஓடி வந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பல்லாயிரவர். இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேற எவராலும் முடியாது. எத்தனை தடித்த இரும்பாயினும், அது இருக்கும் ஊரே கைவிட்டுப் போனபின், உள்ளே உள்ள ஏடு உடையவனுக்குப் பயன்படாது. ஊரிலிருந்த நகலே கடைக்குரிய குடும்பத்தின் கையில் எஞ்சிய சாட்சி. அந்தச் சாட்சி நிலத்தைத் திருப்பித் தந்ததா என்றால், இல்லை. சுதந்திர பர்மா 1948இல் நிலத் தேசியமயச் சட்டம் இயற்றியது, நெல்வயல்கள் மீளவேயில்லை. நகல் பொருளைக் காப்பாற்றாது, பொருளைப் பற்றிய உண்மையை மட்டுமே காப்பாற்றும். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார், எந்த ஆண்டில் எந்த வட்டிக்குக் கொடுத்தார், எந்தக் குடியானவன் எப்போது நொடித்தான் என்ற உண்மை, கடன் கொடுத்தவர்களுக்கு மட்டுமன்றிக் கடன் பட்டவர்களின் சந்ததிக்கும், சரித்திரம் எழுதுவோர்க்கும் உரியதாகும்.

இவ்வுண்மையின் அருமையை ஐரோப்பாவில் ஓர் ஊர் அறிந்திருக்கிறது. இத்தாலியில் பிராட்டோ என்ற சிறு நகரில் வாழ்ந்து 1410இல் இறந்த பிரான்செஸ்கோ டாட்டினி என்ற வணிகர், செட்டிநாட்டு முதலாளியைப் போலவே, பல துறைமுகங்களில் கடை வைத்து, கூட்டாளிகளிடமிருந்து ஓயாமல் கடிதமும் கணக்கும் கேட்டு வாங்கி, வந்த காகிதம் ஒன்றையும் எறியாமல் சேர்த்து வைத்தார். 1870ஆம் ஆண்டில் அவர் வீட்டின் மாடிப்படிக்குக் கீழே, ஏறத்தாழ 1,50,000 கடிதங்களும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கணக்கேடுகளும் அப்படியே கண்டெடுக்கப்பட்டன. மத்தியகால ஐரோப்பிய வாணிபத்தைப் பற்றி இன்று நாம் அறிவதில் பெரும் பகுதி அவற்றிலிருந்து கிடைத்தது. செட்டிநாட்டின் பேரேடுகளுக்கு அந்தப் பாக்கியம் பரவலாக வாய்க்கவில்லை. வீடு பல பங்காகிப் பிரிந்து இடிக்கப்படும்போது, தூணும் நிலையும் கதவும் எனாமல் பாத்திரமும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலை போகின்றன. கணக்கேட்டுக்கோ பழைய காகிதத்தின் எடைதான் விலை. தேக்கு மரம் பர்மாவில் இன்னும் வளரும். ஒரு மேலாள் எழுதிய குறிப்பு மறுபடி எழுதப்படாது. இந்த இழப்பைக் காணும்போது மனம் பதறாமல் இருக்க முடியவில்லை.

பிரதி இருந்ததால் பிழைத்தவையும் உண்டு. மகாகவி பாரதியாரின் புகைப்படங்களில் நம்மிடம் எஞ்சியுள்ளவை ஐந்தே. அவற்றுள் இரண்டு, 1919ஆம் ஆண்டு அவர் ஹிந்து மதாபிமான சங்கத்துக்கு வந்திருந்தபோது காரைக்குடியில் எடுக்கப்பட்டவை. கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ. கே. செட்டியாரின் கதை இன்னும் அதிசயமானது. பர்மாவில் ‘தனவணிகன்’ பத்திரிகையை நடத்தி, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை பயின்ற அவருக்கு, 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில், காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் தயாரிக்க வேண்டும் என்ற எண்ணம் உதித்தது. உலகெங்கும் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பிரயாணம் செய்து, பலர் பல்லாண்டுகளாக எடுத்து அங்கங்கே போட்டு வைத்திருந்த 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டி, 12,000 அடியாகத் தொகுத்து, 1940இல் தமிழில் வெளியிட்டார். 1953இல் அதன் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் வெளிவந்தது. பின்னாளில் இந்தியாவில் தேடியும் படம் அகப்படவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி அதன் ஆங்கில வடிவத்தின் ஒரு பிரதியைச் சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார். ஒரு கோட்டையூர்க்காரர் உலகம் முழுவதிலிருந்தும் சேர்த்துக் கொணர்ந்ததை, உலகத்தின் மறுகோடியில் தங்கிவிட்ட ஒரு பிரதி காப்பாற்றித் தந்தது. அவரே 1943 முதல் நடத்திய ‘குமரி மலர்’ இதழில், பழைய பத்திரிகைகளிலும் நூல்களிலும் மறைந்து கிடந்த எழுத்துக்களைத் தேடி எடுத்து மறுபதிப்புச் செய்துவந்ததையும் நாம் மறத்தலாகாது.

அதே கோட்டையூரில், அவர் காலத்திலேயே, மற்றொருவர் வேறு வகையாக உழைத்துக்கொண்டிருந்தார். ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராகத் தொழில் நடத்தியவர். சென்னைப் பழைய புத்தகக் கடைகளில் ஏறி இறங்கி, 1950ஆம் ஆண்டையொட்டித் தமிழ் நூல்களைச் சேகரிக்கத் தொடங்கினார். இலக்கணமும் இலக்கியமும் மட்டும் சேர்ப்பவராயிருந்தால் அவரைப் பத்தோடு பதினொன்றாகச் சொல்லிவிடலாம். அவரோ, வைத்திய நூல், சோதிடம், சமையல், நாடகப் பிரதி, சினிமாப் பாட்டுப் புத்தகம், துப்பறியும் நாவல், பெண்கள் பத்திரிகை, துண்டு விளம்பரம், திருமண அழைப்பிதழ், கடிதம் ஆகிய எதையும் கீழானதென்று ஒதுக்கவில்லை. அறிஞர்கள் குப்பையென்று கழித்தவற்றில் ஒரு சமுதாயத்தின் நாள்வாழ்வு பதிந்திருக்கிறது என்பதை உணர்ந்திருந்தார். சேர்த்ததோடு நில்லாமல், பத்திரிகைகளிலிருந்து செய்திகளைக் கத்தரித்துப் பொருள்வாரியாகப் பிரித்து ஒட்டி, வினவி எழுதியவர்களுக்குத் தகவல் தேடித் தந்தும் வந்தார். ராமபாணப் பூச்சி, கரையான், வெள்ளிப்பூச்சி ஆகியவற்றோடும், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் புழக்கத்துக்கு வந்த மரக்கூழ்க் காகிதத்திலேயே இருந்து, அதைப் பழுப்பேற்றிப் பொடியாக்கும் அமிலத்தோடும் அவர் ஒற்றை ஆளாய் நடத்திய போராட்டம், அரசாங்கம் ஒன்று நடத்தியிருக்க வேண்டியது. 1992இல் அவர் காலமானபோது, கோட்டையூர் வீட்டில் ஐம்பதாயிரம் நூல்களும், ஏறத்தாழ அதே அளவு பிற சேகரங்களும் இருந்தன.

இவை ஒரே ஊரில், ஒரே வீட்டில், பெரும்பாலும் ஒவ்வொரு பிரதியாக இருந்தன என்பதைக் கணக்கறிந்த செட்டிநாட்டு முதலாளி ஒருவர் கேட்டிருந்தால் திடுக்கிட்டிருப்பார். சிகாகோ பல்கலைக்கழகம், அங்கே பேராசிரியராயிருந்த ஏ. கே. ராமானுஜன் இச்சேகரத்தின் அருமையை எடுத்துரைத்தும், நூலகர் ஜேம்ஸ் நை முன்னின்று முயன்றும், 1994இல் இதனை விலைக்கு வாங்கியது. வாங்கிய நூல்களைக் கடல் கடத்திச் செல்லாமல், அவை தமிழ்நாட்டிலேயே இருக்க வேண்டுமென்று முடிவு செய்து, மொழி அறக்கட்டளையின் துணையோடு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை ஏற்படுத்தியது அப்பல்கலைக்கழகத்தின் பெருந்தன்மை. நூல்கள் பூச்சி நீக்கப்பெற்று, பட்டியலிடப்பெற்று, பக்கம் பக்கமாக நுண்படச் சுருளில் பதியப்பெற்றன. சுருளின் பிரதி சிகாகோவுக்குச் சென்றது. தக்க குளிர்ச்சியிலும் வறட்சியிலும் வைத்தால் சில நூற்றாண்டுகள் நிலைக்கக்கூடிய அச்சுருளைப் படிக்க, ஒரு விளக்கும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் போதும். எந்த நிறுவனத்தின் அனுமதியும் கடவுச்சொல்லும் தேவையில்லை. அசல் இக்கரையில், நகல் அக்கரையில் என்ற பழைய ஏற்பாடு, திசை மாறி, நூல்களுக்கு மறுபடியும் வாய்த்தது. பின்னர் மின்னணுப் படமெடுப்பு வந்தது. தரமணியில் இன்று இயங்கும் அந்நூலகம் தமிழாராய்ச்சிக்கு இன்றியமையாத ஸ்தாபனமாக விளங்குகிறது.

இனி, நம் வீடுகளுக்கு வருவோம். அமேசான் நிறுவனம் 2006இல் தன் சேமிப்புச் சேவையைத் திறந்ததும், 2008இல் டிராப்பாக்ஸும் 2012இல் கூகுள் டிரைவும் பொதுமக்களுக்கு வந்ததும், முன்பு பெருங்கடைகளுக்கே கிட்டிய வசதியை எல்லோருக்கும் எளிதாக்கின. காரைக்குடியில் நடக்கும் திருமணத்தின் படங்கள் மாலைக்குள் கோலாலம்பூரிலும் நியூஜெர்சியிலும் உள்ள உறவினர் கைக்குச் சேர்கின்றன. இது மகத்தான நன்மை. ஆயின் ஒத்திசைத்தலும் பாதுகாத்தலும் ஒன்றல்ல என்பதைப் பலர் உணரவில்லை. ஒத்திசைக்கும் இயந்திரம் மாற்றத்தை மட்டுமே அறியும், மாற்றம் நல்லதா தீயதா என்று அறியாது. இங்கே ஒருவர் கைதவறி அழித்தால் அங்கும் அது அழிகிறது, இங்கே புகுந்த நச்சுநிரல் கோப்பைக் கெடுத்தால் கெட்ட கோப்பே அங்கும் போய் உட்காருகிறது. பழைய வடிவங்களைச் சில காலம் வைத்திருக்கும் ஏற்பாடு சேவைகளில் உண்டெனினும், அக்காலம் முடியுமுன் எவராவது கவனித்தால்தான் பயன். கணக்கப்பிள்ளையோ, வந்த நகலை அப்படியே பழைய ஏட்டின் மேல் எழுதிவிடவில்லை. ஐயம் தோன்றினால் பழையதை வைத்துக்கொண்டு கேள்வி எழுதினார்.

தொலைவிலுள்ள நிலையம் என்றும் நிற்கும் என்பதும் நிச்சயமில்லை. உபுண்டு ஒன் என்ற சேவை 2014இல் மூடப்பட்டபோது, உடையவர்கள் குறித்த தேதிக்குள் தங்கள் கோப்புகளை இறக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் நிறுவனம் 2023 டிசம்பரிலிருந்து செயல்படுத்தத் தொடங்கியது. ஒரு வீட்டுப் பெரியவர் காலமாகி, அவருடைய கடவுச்சொல் எவருக்கும் தெரியாமற் போனால், அவர் சேர்த்த படங்களும் கடிதங்களும் என்னவாகும் என்று ஒவ்வொரு குடும்பமும் யோசிக்க வேண்டும். அரசாங்கங்களும் இவ்விஷயத்தில் தவறியிருக்கின்றன. தென்கொரியாவின் தேஜோன் நகரில் 2025 செப்டம்பரில் மின்கலத்திலிருந்து மூண்ட தீ, அரசு ஊழியர்களின் வேலைக் கோப்புகளைத் தாங்கிய 858 டெராபைட் சேமிப்பை எரித்துவிட்டது. அளவு மிகப் பெரிதென்ற காரணத்தால் வெளியூரில் அதற்குப் பிரதியே வைக்கப்படவில்லை. பெரிதாயிருந்ததால்தான் பிரதி அவசியம் என்பதைச் சொல்ல அங்கே ஒரு செட்டிநாட்டு மேலாள் இருந்திருக்க வேண்டும்.

மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்கள், ஒன்றாவது வெளியூரில் என்று அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் வகுத்துச் சொன்ன சூத்திரம் இன்று கணினித் தொழிலாளர் யாவரும் ஓதுவது. கிளவுடில் ஒன்று, வீட்டு ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் உள்ள மகன் அல்லது மகள் வீட்டு ஹார்டு டிஸ்க்கில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் அச்சூத்திரம் நிறைவேறும். ஹார்டு டிஸ்க் சுழலும் இயந்திரம். சில ஆண்டுகளில் தேய்ந்து நின்றுவிடக்கூடியது. மின்சாரம் ஊட்டாமல் நெடுநாள் பெட்டியில் கிடக்கும் பென்டிரைவோ தன் நினைவையே மெல்ல இழக்கும். ஆகவே குறித்த தவணையில் அதைத் திறந்து, பத்துக் கோப்புகளையாவது படித்துப் பார்த்து, எண்ணிக்கையை ஒப்பிட்டு, பழுதானால் புதியதற்கு மாற்றும் பொறுப்பு, வீட்டில் பெயர் குறித்த ஒருவருக்கு இருத்தல் வேண்டும். நகரத்தார் குடும்பங்கள் எவ்வூரில் இருந்தாலும் கூடியிருந்து கொண்டாடும் பிள்ளையார் நோன்பை அதற்குரிய நாளாகக் கொள்ளலாம்; வெளிநாட்டிலிருந்து வந்தவரும் உள்ளூரில் இருப்பவரும் அன்று தத்தம் பிரதிகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

அவ்வாறு வைக்கத் தக்கவற்றுள் முதலில் வருவன நம் கைப்பேசிப் படங்கள் அல்ல. பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகளின் கணக்கறைகளில் இன்னும் எஞ்சியிருக்கும் பர்மா, மலேயாக் கணக்கேடுகளும், சம்பளச் சீட்டுக்களும், இசைகுடிமானங்களும், கப்பல் தபாலில் வந்த கடிதங்களும் அவற்றுக்கு முந்தியவை. இவற்றைப் படமெடுக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை; வெளிச்சமுள்ள முகப்பும், நடுங்காத கையும், பக்கங்களை வரிசை தவறாமல் எடுக்கும் பொறுமையும் போதும். எடுத்த படங்களில் ஒரு தொகுதியைத் தரமணி நூலகத்துக்கோ, காரைக்குடியிலேயே உள்ள அழகப்பா பல்கலைக்கழகத்துக்கோ அளித்தால், பிரதி குடும்பத்துக்கு வெளியேயும் ஓரிடத்தில் தங்கும். முந்திரி, காணி, மா என்ற பழைய பின்னக் குறிகளையும், விலாசங்களின் சுருக்கெழுத்தையும் தடையின்றி வாசிக்கக்கூடிய முதியவர்கள் சிலர் இவ்வூர்களில் இன்னும் இருக்கிறார்கள். படமெடுக்கும்போதே அவர்களை அருகே அமர்த்தி, அவர்கள் வாசிப்பதையும் குரலாகப் பதிந்து, அந்தந்தப் பக்கத்தோடு சேர்த்து வைப்பது இவ்வாண்டிலேயே தொடங்க வேண்டிய வேலை.